வாசகர் வட்டம் இரண்டுபட்டுள்ளது: ஆலோசனை தேவை

ஹட்டனில் மாதமொருமுறை கூடும் எமது வாசகர் வட்டம், 2011இல் வெளியாகி உலகெங்கும் பெருமளவில் விற்பனையான 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்ற, பாலுறவை வெளிப்படையாகச் சித்திரிக்கும் ஆங்கில நாவலை எடுத்துக்கொண்ட நாள்முதல், மூன்று மாதங்களாக இரண்டுபட்டுக் கிடக்கிறது. பெண்ணின் விருப்பத்தை அது வெளிப்படையாகப் பேசுகிறது என்று சிலரும், ஆணின் கட்டுப்பாட்டைக் காதலென்று காட்டுகிறது, நடையும் தட்டையானது என்று வேறு சிலரும் வாதிடுகின்றனர். (நான் இரண்டாவது கட்சி.) பிரதிக்குப் பழைய நாட்காட்டித் தாளில் உறை போட்டோம், சில பகுதிகளை மட்டும் வாசித்தோம், ஆண், பெண் கூட்டங்களைப் பிரித்தும் பார்த்தோம். பிரித்தபின் பெண்கள் தாராளமாகப் பேசினர். ஆண்களோ தேநீர் ஆறும்வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தனர். கலிங்கத்துப்பரணியில் காதலின்பத்தை வெளிப்படையாகப் பாடும் கடைதிறப்புப் பகுதியை நினைவூட்டியபோது, "அது இலக்கியம்" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேச்சை முடித்துவிட்டார். இத்தகைய நூலை இருபாலாரும் கூடிய அவையில் விவாதித்தவர்கள், எந்தக் கேள்வியிலிருந்து உரையாடலைத் தொடங்கினீர்கள்?