ரப்பர் புழுக்கள் உருகிப் பெட்டியோடு ஒட்டிவிட்டன: எப்படிப் பிரித்து வைப்பது?

கரையோரன்:
வணக்கம் நண்பர்களே. என் சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் (தூண்டிலில் மாட்டும் மெத்தென்ற செயற்கை இரை) எல்லாவற்றையும் பாக்கெட்டிலிருந்து எடுத்து, அறை அறையாக உள்ள இரண்டு பெட்டிகளில் போட்டு வைத்திருந்தேன். சில மாதம் திறக்கவே இல்லை. இப்போது பார்த்தால் பாதி வீண். ஒரு பெட்டியில் புழுக்கள் அடியோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் வெல்லப்பாகு போல நூல் நூலாக வருகின்றன. பெட்டியின் அடியில் புழுவின் வரிவரியான உடம்பு அப்படியே அச்சாகப் பதிந்திருக்கிறது. இன்னொரு பெட்டியில் எதுவும் ஒட்டவில்லை. ஆனால் வெள்ளை ஷேட் (சிறு மீன் வடிவ லூர்) எல்லாம் பக்கத்தில் கிடந்த கறுப்பின் சாயம் ஏறிச் சாம்பலாகிவிட்டன. ஒரு அறையில் மட்டும் இரண்டு வகைப் புழுக்கள் ஒன்றாகக் கரைந்து ஒரே கட்டி. பெட்டிகள் வீட்டுக்குள் நிழலில்தான் இருந்தன. என்ன காரணம்? இனிமேல் எப்படி வைப்பது?

நூல்கண்டு:
சூடுதான். அலமாரியின் மேல்தட்டில் வைத்திருப்பீர்கள். கீழே இறக்கி வையுங்கள், சரியாகிவிடும்.

பழைய தக்கை:
சூடு இதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். சூடு மட்டும் காரணம் என்றால் இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டும்.

பெரும்பாலான சாஃப்ட் பிளாஸ்டிக் லூர்கள் பிளாஸ்டிசாலில் வார்த்தவை. அதாவது பிவிசித் தூளை பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து, காய்ச்சி ஊற்றியது. புழு அவ்வளவு மெத்தென்று இருப்பதற்குக் காரணம் அந்தத் திரவம்தான். அது உள்ளேயே அடங்கிக் கிடக்காது. மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் ஏறும். பெட்டி பாலிஸ்டைரீன் என்றால் அதையும் இளக்கிவிடும். நீங்கள் பார்த்த நூல், புழுவும் பெட்டியும் சேர்ந்து கரைந்தது.

பெட்டியைத் திருப்பி முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 2, 4 என்றால் பாலிஎத்திலீன். இவற்றில் தாராளமாக வைக்கலாம். 6 பாலிஸ்டைரீன், வேண்டவே வேண்டாம். எண் இல்லையா? கண்ணாடி போலப் பளிச்சென்று, விரலால் தட்டினால் கணீரென்று கேட்டு, வளைத்தால் விரிசல் விடுகிற பெட்டியைச் சந்தேகப்படுங்கள். பால் வெள்ளையாக, வளைந்து கொடுப்பது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அப்புறம், மூடியைத் தனியாகப் பாருங்கள். அடிப்பாகம் ஒரு பிளாஸ்டிக்கிலும் மூடி வேறொன்றிலும் செய்த பெட்டிகள் உண்டு. உறுதியாகத் தெரியவில்லை என்றால் பழைய புழு ஒன்றை ஓரத்தில் சில நாள் போட்டுவிட்டு, அந்த இடம் பிசுபிசுக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

சிலர் தெர்மாகோலில் குத்தி வைக்கிறார்கள். அதுவும் பாலிஸ்டைரீன்தான்.

கரையோரன்:
நன்றி ஐயா. ஒட்டின பெட்டியில் 6, ஒட்டாததில் 5! ஆனால் கட்டியாகிப் போன அறை இந்த 5 பெட்டியில்தான் இருக்கிறது. அதிலிருந்த ஒரு வகை மட்டும் எவ்வளவு இழுத்தாலும் அறுந்ததே இல்லை. கொக்கி இல்லாமல் தண்ணீரில் போட்டால் நன்றாக மிதக்கும்.

மடவை:
அப்படியென்றால் அது பிவிசி இல்லை. தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர், அதாவது ரப்பர் போல இழுபடும் பிளாஸ்டிக் வகை. எலாஸ்டெக் என்ற பெயரில் விற்பதும் இந்த இனம்தான். பிளாஸ்டிசால் புழுவோடு ஒரே அறையில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கரைத்துவிடும், பெட்டி நல்லதாக இருந்தாலும் சரி. இந்த வகையை வந்த பாக்கெட்டிலேயே விட்டுவிடுங்கள். முதலில் பொருளை வைத்துப் பிரியுங்கள், பிறகு நிறம், கடைசியில் வடிவம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து அழகாக அடுக்கிவிட்டு வருத்தப்படுகிறார்கள்.

கல்ப் (Gulp) என்ற பெயரில் விற்பவை போல நீரை அடிப்படையாகக் கொண்ட இரைகள் மூன்றாவது சாதி. அவை உருகாது, காய்ந்து கல்லாகும். அவற்றின் சாற்றோடு, மூடி இறுகிய டப்பாவில் இருக்க வேண்டும். டப்பாவை நிமிர்த்தி வையுங்கள், கசிந்தால் பை முழுக்க நாறும்.

நூல்கண்டு:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் பாக்கெட்டிலேயே இருந்தால் பெட்டி எதற்கு? தண்ணீரில் நின்றுகொண்டு பாக்கெட் பாக்கெட்டாகத் தேட முடியுமா?

பழைய தக்கை:
தேட வேண்டாம். ஜிப் பாக்கெட்டுகளை ஒரு கோப்பில் புத்தகம் போல வளையத்தில் கோத்துவிடுங்கள். பெரும்பாலான பாக்கெட்டின் தலையில் தொங்கவிட ஓட்டை இருக்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் 5 போட்ட சிறு பெட்டிக்கு மாற்றி, வீடு திரும்பியதும் மீண்டும் பாக்கெட்டில் போடுங்கள். என் வரையில், நிரந்தர வீடு பாக்கெட், பெட்டி வெறும் பயண வாகனம்.

நிறத்துக்கு ஒரே விதி: அடர்நிறம் வெளிர்நிறத்தைத் தொடக் கூடாது. கறுப்பும் சிவப்பும் மோசமானவை. ஏறிய சாயம் கழுவினால் போகாது. ஆனால் கலங்கல் தண்ணீரில் அந்தச் சாம்பல் ஷேட்டையும் மீன் கடிக்கும், தூக்கிப் போடாதீர்கள். பூண்டு, சோம்பு என்று வாசனை ஏற்றியவற்றையும் தனித்தனியாக வையுங்கள், கொஞ்ச நாளில் எல்லாம் ஒரே வாசனை ஆகிவிடும்.

மடவை:
இன்னொன்று. ஜிக் ஹெட்டில் (தலையில் எடைக்குண்டு வைத்த கொக்கி) மாட்டியபடியே பெட்டியில் போடாதீர்கள். பல புழுக்களில் உப்பு கலந்திருக்கும், கொக்கி துருப்பிடிக்கும். ஜிக் ஹெட்டின் பெயின்ட்டும் இளகிவிடும். கடின லூர்களும் இந்தப் பெட்டிக்குள் வரக் கூடாது, மேற்பூச்சு போனால் போனதுதான்.

கரையோரன்:
பிழைத்தவற்றில் பல வாலாட்டி ஷேட்களின் வால் மடங்கிப் போயிருக்கிறது. நீந்தாமல் சுழல்கின்றன. அதற்கு வழி உண்டா? அந்த 6 பெட்டியை என்ன செய்வது?

பழைய தக்கை:
வால் நிமிரும். பிளாஸ்டிசால் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். கொதித்து இறக்கிய வெந்நீரில், உடம்பைக் கிடுக்கியால் பிடித்து, வாலை அரை நிமிடம் முக்குங்கள். தானாக விரியும். உடனே குளிர்ந்த நீரில் போட்டு, நேராகப் படுக்க வைத்து ஆறவிடுங்கள். வளைந்தபடி ஆறினால் அந்த வளைவே நிலைத்துவிடும். சமையல் பாத்திரம் வேண்டாம், இதற்கென்று பழைய கிண்ணம் ஒன்றை ஒதுக்குங்கள். லூர் வாங்கும்போது அதன் வடிவத்திலேயே குழிந்த அச்சுத் தட்டோடு வந்தால் அந்தத் தட்டை எறியாதீர்கள், வால் மடங்காமல் காப்பது அதுதான்.

பெட்டியின் பிசுக்கைத் துணியால் வழித்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஈயக்குண்டு, கொக்கி, சுழலி வைத்துக்கொள்ளுங்கள். மேலே மார்க்கரால் "புழு வேண்டாம்" என்று எழுதுங்கள்.