அறிவியலும் கிறிஸ்தவ விசுவாசமும்: பள்ளி நூலகத்துக்கு எதை வாங்கலாம்?

கேள்வி (பள்ளி நூலகர்):
கிறிஸ்தவ மேல்நிலைப் பள்ளி. 9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ஓர் அடுக்கு. பத்துப் புத்தகம் வரை வாங்கலாம். மாணவர்களில் பாதிப் பேர் வேறு சமயத்தவர். படைப்புவாத நூல்கள் (பரிணாமத்தை மறுத்து, கடவுள் நேரடியாகப் படைத்தார் என்பவை) ஒரு பெட்டி நன்கொடையாக வேறு வந்திருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது, எந்த எண்ணில் அடுக்குவது?

பழைய_பதிவேடு:
டியூயி எண்ணை, அதாவது பொருள்வாரியாகப் புத்தகம் அடுக்கும் நூலக எண்ணை, சரியாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சமயமும் அறிவியலும் பொதுவாக என்றால் 215. கிறிஸ்தவம் குறித்தே பேசினால் 261.55. படைப்பா பரிணாமமா என்ற வாதம் 231.7652. பரிணாம உயிரியல் 576.8. படைப்புவாத நூலின் அட்டையில் டைனோசர் இருந்தால் போதும், யாராவது டைனோசர் அறிவியலுக்கான 567.9-இல் செருகிவிடுவார்கள். பிளஸ் டூ பிள்ளை அதைப் பாடத்துக்குத் துணைநூல் என்று நம்பி எடுத்துப்போகும். நன்கொடை என்பதற்காகப் பெட்டி முழுவதையும் வரவு வைக்காதீர்கள். 1961-இல் வந்த விட்கம், மாரிஸ் எழுதிய 'தி ஜெனிசிஸ் ஃபிளட்' அதில் இருந்தால் ஒரு பிரதி வையுங்கள்; படைப்புவாத இயக்கம் எங்கிருந்து வளர்ந்தது என்று காட்ட உதவும்.

இயற்பியல்_வாத்தியார்:
வாங்குமுன் நூலின் கடைசியில் வரும் சொல்லடைவில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள். முதலில் கலிலியோ. அவரை எரித்தார்கள் என்று எழுதியிருந்தால் மூடி வைத்துவிடலாம். 1633 விசாரணைக்குப் பின் 1642-இல் இறக்கும்வரை வீட்டுக்காவல், அவ்வளவுதான். அடுத்து லெமைத்ர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய பெல்ஜிய குருவானவர். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பெருவெடிப்பைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியது அவருக்கே பிடிக்கவில்லை. 'ஆதியாகமத்தை அறிவியல் நிரூபித்துவிட்டது' என்னும் நூல்கள் இதைச் சொல்லாமல் நழுவும்.

எதிர்ப்பக்கமும் சுத்தமில்லை. திருச்சபை என்றைக்கும் அறிவியலோடு மல்லுக்கட்டியது என்ற கதையைப் பரப்பியதில் 1874-இல் வந்த, சமயத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான மோதல் பற்றிய டிரேப்பரின் நூலுக்குப் பெரும் பங்கு. வரலாற்றாசிரியர்கள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். ரொனால்ட் நம்பர்ஸ் தொகுத்த 'கலிலியோ கோஸ் டு ஜெயில்' (2009) 25 கட்டுக்கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது. அத்தியாயங்கள் சிறியவை, ஒரு நூலக வகுப்புக்கு ஒன்று போதும். என் முதல் வாக்கு இதற்கே.

பட்டாணிச்செடி:
பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியல் பிள்ளைகளுக்கு பிரான்சிஸ் காலின்ஸின் 'தி லாங்வேஜ் ஆஃப் காட்' (2006). மனித மரபணுத் திட்டத்தை வழிநடத்தியவர், விசுவாசி, பரிணாமத்தை ஏற்பவர். கடைசியில் உயிரியல் அறநெறி பற்றிய பின்னிணைப்பும் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கு அந்த ஆங்கிலம் கடினம்; அவர்களுக்கு, பட்டாணிச்செடியில் மரபியலை ஆராய்ந்த துறவி மெண்டலின் வாழ்க்கை வரலாறு. மடத்துக்குத் தெரியாமல் ஆராய்ந்தார் என்று கதை கட்டும் நூலைத் தவிருங்கள். 1865-இல் பிர்னோ நகரில் (இன்றைய செக் நாடு) ஒரு கூட்டத்தில் தன் ஆய்வை வாசித்தவர், 1868-இல் அதே மடத்துக்குத் தலைவரானார்!

நாத்திக உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸின் நூலும் ஒன்று வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நிர்வாகம் ஒப்புக்கொள்ளுமா சார்?

பட்டாணிச்செடி:
தனியாக வைத்தால் கேள்வி வரும். 'தி காட் டெல்யூஷன்' (2006) பக்கத்திலேயே மெக்ராத் தம்பதி அதற்கு எழுதிய மறுப்பு நூலான 'தி டாக்கின்ஸ் டெல்யூஷன்?' (2007) என்பதையும் வாங்கி, நூல் தேர்வுக் குறிப்பில் இரண்டையும் ஒரே வரியில் எழுதிக் கொடுங்கள். மறுப்பு நூல் மெல்லியது, பிள்ளைகள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.