மறு: டிரீம் பாப், ஷூகேஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

டிரீம் பாப், ஷூகேஸ் என்ற இரண்டு ராக் இசைவகைகளுக்கு (கிதார் ஒலி படர்ந்து கிடக்க, குரல் அதற்குள் அமுங்கிக் கேட்பவை) நம் கலைச்சொல் பதிவில் என்ன தமிழ்ச்சொல் போடுவது என்ற இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை கனவிசை, மயங்கிசை, மூட்டிசை, காலணிநோக்கிசை என நாலு சொல் வந்திருக்கின்றன. கடைசிச் சொல்லை யாரும் மெய்யாகவே முன்மொழியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த வகைப் பாட்டை நான் கேட்பது பெரும்பாலும் இரவில், விளக்கை அணைத்த பிறகு. அதிலும் கிறிஸ்தவக் குழுக்களின் பாட்டே அதிகம். ஆகவே எனக்கு இதில் கொஞ்சம் சொந்தப் பாசம் உண்டு, அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

> ‘டிரீம்’ கனவு, ‘பாப்’ இசை. கனவிசை என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம் ஐயா, சொல் நிற்குமானால். ஏ. ஆர். கேன் என்ற பிரிட்டன் குழுவின் அலெக்ஸ் அயூலி 1980களின் பிற்பகுதியில் தங்கள் இசைக்கு வைத்துக்கொண்ட பெயர் டிரீம் பாப்; பிறகு பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஒரு கலைஞர் தன் பாட்டுக்கு வைத்த செல்லப்பெயர். கேட்பவர் மனத்தில் நடப்பதைச் சொல்கிறதே தவிர, காதில் என்ன விழுகிறது என்று சொல்லவில்லை. அதோடு, தமிழில் ‘கனவிசை’ என்று எழுதினால் நாயகனும் நாயகியும் கனவில் ஆடுகிற திரைப்பாட்டுதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும்.

ஷூகேஸின் கதை வேறு. 1990ஐ ஒட்டிப் பிரிட்டன் இசைப் பத்திரிகைகள் வைத்த கேலிப்பெயர் அது, ‘காலணியை வெறித்துப் பார்ப்பது’ என்று பொருள். கிதார் வாசிப்பவர்கள் கூட்டத்தைப் பார்க்காமல் மேடையில் குனிந்தே நிற்கிறார்களாம். காலடியில் வரிசையாகக் கிடக்கும், கிதார் ஒலியை மாற்றுகிற பெடல்களில் எதை எப்போது மிதிப்பது என்று பார்க்க வேறு வழி? இந்தக் கேலியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கேலியும் போய்விடும், பொருளும் வராது. இதை ‘ஷூகேஸ்’ என்றே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஒலிபெயர்ப்பா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் சொல்கிறேன். பழைய தமிழ் வேதாகமத்தில் 4ஆம் சங்கீதத்தின் தலைப்பு, ‘நெகினோத் என்னும் வாத்தியத்தில் வாசிக்க’ என்று தொடங்குகிறது. நெகினோத் எபிரெயச் சொல், நரம்புக் கருவிகளைக் குறிப்பது. மொழிபெயர்த்தவர்கள் அதைத் தொடவில்லை. அதே சங்கீதத்தில் வரும் ‘சேலா’வையும் தொடவில்லை. தமிழ் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை.

> மயங்கிசைதான் சரி. தொல்காப்பியமே மயக்கம் என்பதைக் கலத்தல் என்ற பொருளில் ஆள்கிறது.

அக்கா, இதைப் படித்ததும் என் சொல்லை (கீழே வருகிறது) கைவிட்டுவிடலாமா என்றிருந்தது. மெய்ம்மயக்கத்தில் ஒரு மெய் இன்னொன்றோடு சேர்ந்து நிற்பதுபோல, இந்த இசையில் கிதாரும் குரலும் எங்கே பிரிகின்றன என்று தெரியாமல் நிற்கும். பொருத்தம் என்று பார்த்தால் உங்கள் சொல்லுக்குத்தான் முதல் மதிப்பெண். இடைஞ்சல் இரண்டு. யாப்பில் ‘மயங்கிசைக் கொச்சகக் கலிப்பா’ என்று ஒரு பாவகை ஏற்கெனவே இந்தப் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. மயங்கிசை என்று தேடுகிறவருக்கு முதலில் கிடைக்கப்போவது அதுதான். அப்புறம், இன்றைய காதுக்கு மயக்கம் என்றால் தலைசுற்றல், இல்லாவிட்டால் போதை. ஆராதனையில் கிதார் வாசிக்கிற பையனிடம் “தம்பி, நீ வாசிப்பது மயங்கிசை” என்று சொல்லிப் பாருங்கள். போதகர் காதில் விழுந்துவிடப் போகிறது என்று பயந்துவிடுவான்.

மூட்டிசை வேண்டாம். மூட்டுவலிதான் ஞாபகம் வருகிறது.

சரி, சொல்லை விட்டுவிட்டுப் பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். கிதார் நரம்பை மீட்டினால் முதலில் ‘டங்’ என்று ஒரு முனை கேட்கும், பிறகு ஒலி தேய்ந்து அடங்கும். இந்த இசைக்காரர்கள் முதலில் செய்வது அந்த முனையை மழுக்குவது. எதிர்முழக்கத்தையும் (ஒலி நின்ற பிறகும் நீளும் முழக்கம்; பள்ளி இயற்பியல் புத்தகச் சொல்தான், நன்றாகவே இருக்கிறது) ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் டிலே பெடலையும் சேர்த்துப் போடும்போது ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் தலைமேல் படர்ந்துவிடும். மை பிளடி வேலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் இன்னும் ஒரு படி போனார். கிதாரின் ட்ரெமலோ கோலை (சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி) கையிலேயே பிடித்துக்கொண்டு நரம்புகளை மீட்டுவார். ஒவ்வொரு மீட்டுக்கும் முழு கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரங்களின்) சுருதியும் மெல்ல இறங்கி ஏறும். 1991இல் வந்த ‘லவ்லெஸ்’ ஆல்பத்தைக் கேட்டால், இசைத்தட்டு சற்று வளைந்துபோய்விட்டதோ என்று சந்தேகம் வரும். அந்த ஊசலாட்டம் வேண்டுமென்றே செய்தது. குரலைக் கிதாருக்கு மேலே தூக்கி வைக்காமல் அதற்குள்ளேயே அமுக்கிவிடுவார்கள். கொக்டோ ட்வின்ஸ் பாடகி எலிசபெத் ஃபிரேசர் பாடுவதில் பல இடங்களில் சொல்லே பிடிபடாது. விமர்சகர்கள் அதை அந்நியபாஷையோடு (ஜெபப் பரவசத்தில் வரும் புரியாத பேச்சு) ஒப்பிட்டதுண்டு.

படுக்கையில் கேட்க இது ஏன் வாகாக இருக்கிறது என்பதற்கும் விடை இதிலேயே கிடக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவரைத் தட்டி எழுப்புவது பெரும்பாலும் திடீர் மாற்றம். இங்கே திடீரென்று எதுவும் வராது. மேடையில் காதைப் பிளக்கிற பாட்டு கூட, ஒலியைக் குறைத்து வைத்தால் ஒரே சீரான போர்வையாகிவிடும். சொல் தெளிவாக விழாததால் மனம் அதன் பொருளைத் துரத்திக்கொண்டு ஓடுவதும் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஆல்பம் முடிந்ததும் செயலி தானாக வேறு எதையாவது போட்டுத் தொலைக்கும். நிறுத்தும் நேரத்தைக் குறித்துவிட்டுப் படுங்கள்.

இப்போது டிரீம் பாப், ஷூகேஸ் இரண்டுக்கும் பொதுவாக என் சொல்: தூங்கலிசை.

சிரிக்காதீர்கள். யாப்பில் வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை. அந்தத் தூங்கல் உறக்கம் இல்லை. பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல். செம்பியன் என்ற சோழன் எறிந்த ‘தூங்கெயில்’ ஆகாயத்தில் தொங்கிய கோட்டை. அங்கே யாரும் குறட்டை விடவில்லை. வஞ்சிப்பாவின் சீரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கருவிளங்கனி கருவிளங்கனி. ஒவ்வொரு சீரும் முன்னே போய், சற்றுத் தொங்கி நின்று, அடுத்ததில் விழுகிறது. ட்ரெமலோ கோலில் சுருதி இறங்கி ஏறுவதற்கு இதைவிட நெருக்கமான ஓர் ஓசைப்பெயர் தமிழில் எனக்குக் கிடைக்கவில்லை. உறக்கம் என்ற இன்றைய பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. வரட்டும், இரவில் கேட்கிற பாட்டுக்கு அது கேடில்லை.

‘தூங்கிசை’ என்று சுருக்கலாமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். தூங்கிசைச் செப்பல் என்று வெண்பாவில் ஓர் ஓசைவகை இருப்பதால் அதைத் தவிர்த்தேன். தூங்கல் மட்டும் மோதவில்லையா என்றால், மோதுகிறதுதான். ஆனால் அது ஒரு பண்பின் பெயர். பண்பைக் கடன் வாங்கலாம், ஒரு பாவகையின் முழுப்பெயரை வாங்கினால்தான் குழப்பம்.

> கிறிஸ்தவக் குழுக்களுக்கு என்று தனிப்பதிவு வேண்டும். கிறிஸ்தவத் தூங்கலிசை, அல்லது துதி என்று முடிகிற மாதிரி ஏதாவது.

இதில்தான் நான் முழுமையாக மாறுபடுகிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் டூத் அண்ட் நெயில் இசை வெளியீட்டு நிறுவனம் 1993இல் தொடங்கியது. மறு ஆண்டே ஜேசன் மார்ட்டினின் ஸ்டார்ஃப்ளையர் 59 குழுவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அட்டை முழுக்க வெள்ளி நிறம் என்பதால் ரசிகர்கள் ‘சில்வர்’ என்றே சொல்வார்கள். கிறிஸ்தவக் கடைகளில் விற்றது, கிறிஸ்தவ இளைஞர்கள் கேட்டது. கேட்டுப் பாருங்கள்: கனத்த கிதார், அதற்கு அடியில் முணுமுணுக்கிற ஒரு குரல். சொற்களைப் பிடித்துவிட்டாலும் ஏக்கமும் சலிப்பும்தான் அதிகம், வெளிப்படையான துதி அரிது. பிரேயர் செயின் குழுவின் 1995 ஆல்பம் ‘மெர்க்குரி’ இன்னும் இருண்டது. இவற்றுக்குத் துதி என்று பெயர் வைத்தால் கேட்கப் போகிறவரும் ஏமாறுவார், பாடியவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சொல்லை வைத்துத்தான் ஒரு பாட்டு கிறிஸ்தவப் பாட்டா என்று முடிவுசெய்ய வேண்டும் என்பவர்களும் உண்டு. 1998இல் அமெரிக்காவின் காஸ்பெல் மியூசிக் அசோசியேஷன் கிறிஸ்தவ இசைக்குத் தான் தரும் டவ் விருதுக்கு அப்படித்தான் வரையறை எழுதியது. விளைவு, சிக்ஸ்பென்ஸ் நன் த ரிச்சர் குழுவின் ‘கிஸ் மீ’ தகுதி இழந்தது. உலகமே அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்த நேரம் அது. குழுவின் பெயரோ சி. எஸ். லூயிஸின் ‘மியர் கிறிஸ்டியானிட்டி’ நூலிலிருந்து எடுத்தது! சொல்லே காதில் விழாத இசைக்கு இந்த அளவுகோலை எப்படி வைப்பது? பாட்டு வரிகள் அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டா?

மறுபக்கம், இன்றைய ஆராதனைப் பாடல்களில் டிலே, எதிர்முழக்கம், பின்னால் தொடர்ந்து ஓடும் கீபோர்டு ஒலி எல்லாமே இருக்கின்றன. ஆனால் குரல் மட்டும் முன்னால், தெளிவாக. சபை கூடவே பாடியாக வேண்டுமே. சபைப்பாட்டையும் தூங்கலிசையையும் பிரிப்பது இந்த ஓர் இடம்தான் என்று நினைக்கிறேன். ஒன்று நூறு பேர் சேர்ந்து பாட, மற்றது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்க.

அதற்காக இரண்டாவது குறைந்த பக்தி ஆகிவிடாது. துறவு மடங்களில் நாளின் கடைசி வழிபாட்டுக்கு 4, 91, 134ஆம் சங்கீதங்களைக் கொடுத்துவைத்தார் ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்ட்). மேலே சொன்ன அதே 4ஆம் சங்கீதம், ‘சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்’ என்று முடிகிறது. உறங்கப் போகிறவனின் பாட்டுக்குத் தலைப்பிலேயே நரம்புக் கருவி! இராத்திரிப் பாட்டுக்குக் கிதாரா என்று கேட்கிற பெரியவர்களிடம் நான் இதைத்தான் காட்டுவேன். சொல் புரியாத பாட்டில் என்ன ஜெபம் என்பவர்களுக்கு ரோமர் 8:26 இருக்கிறது, ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகள்’ என்று பவுலே எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் பாலமாக ஒருவரையே காட்டலாம். ‘காட் ஆஃப் வொண்டர்ஸ்’ பாட்டு பல நாட்டுச் சபைகளில் கைதூக்கிப் பாடப்படுவது. அதை எழுதிய இருவரில் ஒருவர் மார்க் பேர்ட். அவரேதான் ஆண்ட்ரூ தாம்சனோடு சேர்ந்து ஹேமாக் என்ற இரட்டையர் குழுவைத் தொடங்கினார். பெரும்பாலும் சொல்லே இல்லாத, மிதக்கிற கிதார் இசை. 2005இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் ‘கெனாட்டிக்’. பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் ‘தம்மைத்தாமே வெறுமையாக்கி’ என்று வருகிறதே, அந்தக் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. விசுவாசம் தலைப்பில் நிற்கிறது, உள்ளே பேச்சே இல்லை. இதை எந்தப் பதிவில் போடுவீர்கள்? அப்புறம், ஹேமாக் என்றால் தமிழில் தூங்குமஞ்சம் என்று சொல்லலாம், தொங்குகிற படுக்கை. நான் சொல்லைத் தேர்ந்துகொண்ட பிறகுதான் இது கண்ணில் பட்டது. கூடுதல் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தூங்கலிசை என்பது ஓசையின் பெயராக மட்டும் இருக்கட்டும். பாடுகிறவரின் விசுவாசத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தூங்கலிசை வாசிக்கும் கிறிஸ்தவக் குழு’ என்று பிரித்தே எழுதலாம். அடைமொழியைக் கலைச்சொல்லுக்குள் தைத்துவிட்டால், நாளைக்கு ஒவ்வொரு பாட்டையும் இதில் அடங்குமா அடங்காதா என்று நாம்தான் பஞ்சாயத்து செய்துகொண்டிருக்க வேண்டும்.

பதிவுக்கு என் வரைவு:

தூங்கலிசை (பெயர்ச்சொல்): 1980களில் பிரிட்டனில் உருவான மாற்று ராக் வகை. எதிர்முழக்கமும் டிலேயும் மிகுந்த கிதார், அமுங்கிய குரல், முனை மழுங்கிய தாளம், ஊசலாடும் சுருதி ஆகியவற்றால் அமைவது. டிரீம் பாப், ஷூகேஸ் இரண்டுக்கும் பொது. காண்க: ஷூகேஸ்.

‘முனை மழுங்கிய தாளம்’ எனக்கே முழுத் திருப்தி இல்லை. தாளம் என்பதைவிட டிரம்ஸின் ஒலி என்று சொல்வதே சரி, திருத்தித் தாருங்கள். ஆராதனையில் பின்னால் ஓடுகிற அந்தக் கீபோர்டு ஒலிக்கு வாசிப்பவர்கள் ‘பேட்’ என்றுதான் சொல்கிறார்கள். அதற்குச் சொல் தேடுகிறவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள், இதில் சேர்க்க வேண்டாம்.

அன்புடன்,
தூங்கலிசைக் கட்சிக்காரன்