முடுக்குக்குள் நுழையாத லாரி: நாங்கள் ஊருக்குக் குடிவந்த இரண்டு நாட்கள்

சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாடகை வீடுகளில் குடியிருந்த நாங்கள், வீரவநல்லூருக்கு அருகிலுள்ள என் கணவரின் பூர்வீக வீட்டுக்குக் கடந்த ஐப்பசியில் குடிவந்தோம். வீடு மாறும் நாட்களில் மனம் சோர்ந்துவிடாமல் இருப்பது எப்படி என்று இங்கே சிலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

புரட்டாசியில் குடிபுக வேண்டாம் என்று அத்தை உறுதியாகச் சொல்லிவிட்டதால் ஐப்பசி முதல் வாரத்தில் நாள் குறித்தோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும், தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் என்னும் நெல் சாகுபடிக்கு நாற்றங்கால் பாவுவதும் அதே காலத்தில்தான் என்பதை, நகரத்திலேயே இருந்து பழகிவிட்ட நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நாங்கள் இரவு ரயிலில் வந்து இறங்கினோம். சாமான்களை ஏற்றிய லாரி 600 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வந்து, எங்கள் முடுக்கின், அதாவது குறுகிய சந்தின், வாயிலிலேயே நின்றுவிட்டது. அதற்குமேல் நுழைய வழியில்லை. சாமான் இறக்க வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் எல்லோரும் வயலுக்குப் போய்விட்டார்கள். கால்வாயில் தண்ணீர் வந்துவிட்ட நேரத்தில் நாற்றங்காலை விட்டுவிட்டு யார்தான் வருவார்கள்? மேற்கே பொதிகை மலை இருந்த இடமே தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது.

கணவரும் லாரி ஓட்டுநரும் காத்திருப்புக் கூலியைப் பற்றிக் குரல் உயர்த்திப் பேசத் தொடங்கினார்கள். எனக்கு அழுகை முட்டியது. அப்போது எதிர்வீட்டு ஆச்சி திண்ணையிலிருந்து இறங்கி வந்து, “ஏன் தாயி, தெருவுலயே நிக்கிய? மொதல்ல பாலக் காய்ச்சுங்க. சாமான் எங்கயும் ஓடிப் போயிராது” என்றார்.

லாரியில் ஏற்றாமல் நாங்கள் கையோடு கொண்டுவந்த ஒரே ஒரு பெட்டி இருந்தது. குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, பால் காய்ச்சும் பாத்திரம், தீப்பெட்டி ஆகியவற்றோடு தம் மாத்திரைகளையும் ஒரு டார்ச் விளக்கையும் அத்தை அதில் வைத்திருந்தார். விளக்கேற்றி, பால் பொங்கும்வரை அடுக்களையில் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். அதுவரை அதை ஒரு சடங்காக மட்டுமே நான் கருதிவந்தேன். சாமான் சுமக்கத் தொடங்கும் முன் குடும்பத்தை ஓரிடத்தில் உட்கார வைப்பதற்காகவும் பெரியவர்கள் அதை ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. வெளியே வந்து பார்த்தபோது, ஓட்டுநருக்கும் ஒரு தம்ளர் பாலை நீட்டிக்கொண்டிருந்தார் என் கணவர்.

ஒன்பது மணிக்கு ஆச்சியின் பேரன் ‘குட்டியானை’ என்னும் சிறிய சரக்கு வண்டி ஒன்றை ஏற்பாடு செய்து கொடுத்தார். மூன்றாம் நடையில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போட்டும் புத்தகப் பெட்டிகள் இரண்டு நனைந்தன. எல்லாவற்றையும் அன்றே அடுக்கிவிடுவது என்று நான் போட்டிருந்த திட்டத்தை அப்போதுதான் கைவிட்டேன். அந்த நாளில் நான் செய்தவற்றுள் மிக நல்ல காரியம் அதுவென்றே இன்றும் நினைக்கிறேன். அடுக்களையும் பட்டாசலில் (நடுக்கூடத்தில்) படுப்பதற்கான இடமும் மட்டும் ஒழுங்கானால் போதும், மற்றவை தார்சாவில் (முன்கூடத்தில்) கிடக்கட்டும் என்று முடிவு செய்தோம். கறையானுக்கும் தேளுக்கும் பயந்து, பெட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் பலகை பரப்பி அடுக்கினோம். பத்திரங்களையும் அரிசியையும் மச்சில் ஏற்றிவிடச் சொன்னவர் ஆச்சிதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியதை மறக்காதவர் அவர்.

மாலையில் வயலிலிருந்து திரும்பியவர்கள் நான்கு பேர், கால் சேற்றைக் கழுவிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நடைவழிக்குள் திரும்பாமல் திண்ணையிலேயே நின்றிருந்த பீரோவைப் படுக்கவைத்து, நனைந்த சாக்கின்மேல் மெல்ல இழுத்து உள்ளே சேர்த்தார்கள். அத்தையின் ஆட்டுரலும் அவர்கள் கையால்தான் வீடு சேர்ந்தது. கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் கிணற்றடியைச் சீர்செய்து தருவதாகச் சொல்லிச் சென்றார்கள். ஆச்சி வீட்டிலிருந்து உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் வந்தன. மின்சாரம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் சாப்பிட்டுவிட்டு, பத்தமடைப் பாயை விரித்துப் படுத்தோம். ஓட்டின்மேல் மழை பெய்துகொண்டிருந்தது.

மறுநாள் வேறொரு சிக்கல் தெரிந்தது. சென்னையில் நான் மிகக் கவனமாக ஒவ்வொரு பெட்டியின்மேலும் ‘ஹால்’, ‘பெட்ரூம்’, ‘பால்கனி’ என்று எழுதியிருந்தேன். இந்த வீட்டிலோ அப்படி எந்த அறையும் இல்லை. எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசித்துக் களைத்துப்போனேன். அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, பெட்டியைத் திறந்து காட்டி, அவர் சொல்லச் சொல்ல ‘அரங்கு’ (உள்ளறை), ‘தார்சா’, ‘புறவாசல்’, ‘மச்சு’ என்று மாற்றி எழுதினேன். தாம் மணமாகி வந்தபோது நெல் குதிர் நின்ற இடம் எது, பிரசவத்துக்குப் படுத்திருந்த மூலை எது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சென்னையில் மூன்று மாதங்களாக அதிகம் பேசாமல் இருந்தவர் அன்று பகல் முழுவதும் பேசினார். பெட்டிகளின் எண்ணிக்கையைக் கண்டு முந்தின நாள் மலைத்த எனக்கு, இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று இருந்தது.

அதன்பின் நாளுக்கு ஒரு பெட்டிக்குமேல் பிரிக்கவில்லை. நனைந்த புத்தகங்களை மச்சில் கயிறு கட்டி உலர்த்தினோம்; பன்னிரண்டு போக மற்றவை தேறின. ‘பால்கனி’ என்று எழுதிய பெட்டிக்கு மட்டும் அத்தையால் இடம் சொல்ல முடியவில்லை. அதிலிருந்த மல்லிகைத் தொட்டிகள் இப்போது கிணற்றடியில் இருக்கின்றன.