‘முழு உடல்’ ஸ்கேனருக்குத் தமிழ்ப்பெயர்: முழு என்பது எது வரை?

அன்புடையீர், வணக்கம். படிமவியல் பிரிவுக்குப் புதிதாக வரவிருக்கும் கருவிக்கான நோயாளர் விளக்கத்தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தலைப்பிலேயே இடறி நிற்கிறேன். வழக்கமான பெட் (PET: உடலுக்குள் செலுத்திய மருந்திலிருந்து வரும் கதிரைக் கொண்டு படமெடுக்கும்) கருவி ஒரு வேளையில் ஏறத்தாழ 15 முதல் 25 செ.மீ. நீளத்தையே பார்க்கும் என்பதால், மேசையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, கிடைத்த துண்டுகளை ஒட்டி, பெரும்பாலும் மண்டையோட்டின் அடியிலிருந்து தொடையின் நடுப்பகுதி வரை எடுக்கும் படத்தையே ‘முழு உடல்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். இப்போது வருவதன் பார்வை நீளம் 194 செ.மீ.; 2018இல் முதல் மனிதப் படங்களைத் தந்த இவ்வகை, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே நேரத்தில் பார்க்கிறது. ‘முழு’வைத் தொடையோடு செலவழித்துவிட்ட நம் கையில் வேறென்ன சொல் இருக்கிறது?

* * *

‘முழு உடல்’ என்று பிரித்தெழுதுவதை முதலில் விடுக. முழு என்பதன் ஈறு முற்றியலுகரமாதலின், வகர உடம்படுமெய் பெற்று முழுவுடல் என்றே புணரும். (உடம்படுதல் என்றால் இசைதல். தங்கள் ஒப்புதல் படிவத்தை உடம்பாட்டுப் படிவம் என்று எழுதினால் உடம்பும் உள்ளே வந்து நிற்பதைக் காண்க.) ஸ்கேனருக்குச் சிலர் வழங்கும் வருடி என்ற சொல்லும் வேண்டா, வருடுதல் மெல்லத் தடவுதல், இக்கருவியோ தொடுவதே இல்லை. செய்யுளை அசையும் சீருமாகப் பிரித்துக் காண்பதை நாம் அலகிடுதல் என்கிறோம். ஆங்கிலத்தாரும் ஸ்கேன் என்ற சொல்லைத் தொடக்கத்தில் யாப்புக்கே ஆண்டனர். இருமொழியும் ஓரிடத்தில் சந்திக்கும்போது நாம் ஏன் அலைய வேண்டும்? ‘முழுவுடல் அலகி’ என்க.

* * *

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். அப்பர் ‘புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்குமிட்டு’ என்று பாடியபோது அலகு துடைப்பம். அதை விட்டாலும், அசை அசையாகப் பிரிப்பது அலகிடுதல் எனில், அது மேசையை நகர்த்தும் பழைய கருவிக்கே அச்சாகப் பொருந்துகிறது. புதியது பிரிக்காமல் பார்ப்பதால்தானே புதியது. இன்னொருவர் தனிமடலில் அனுப்பிய ‘முழுவுடல் ஊடுகதிர்க் கருவி’யும் பிழை. பெட் படத்துக்கான கதிரை வெளியிலிருந்து உடலுக்குள் செலுத்துவதில்லை. ஊசி வழியே செலுத்திய மருந்து வெளியிடும் பாசிட்ரான், எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் உடலிலிருந்து வெளிவருகின்றன, கருவி அவற்றை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ‘ஒருங்குநோக்கி’ என்பேன்: ஒருங்கே நோக்குவது.

* * *

நான் பதிவு மேசையில் அமர்ந்திருப்பவள். ஒருங்குநோக்கி என்று தாளில் கண்டால், ‘ஸ்கேன் எந்த அறையில் அம்மா?’ என்றுதான் கேட்பார்கள். அதற்காக ஆங்கிலச் சொல் எல்லாம் தெளிவு என்றும் சொல்லமாட்டேன். பெட் ஸ்கேன் என்று எழுதிக் கொடுத்ததைப் படித்த முதியவர் ஒருவர், ‘பெட்டில் படுத்தபடியே எடுத்துவிடுவீர்களா?’ என்று என்னிடம் கேட்டார். படுத்துத்தான் எடுப்போம் என்பதால் மறுக்கவும் முடியவில்லை.

* * *

அனைவருக்கும் நன்றி. நால்வர் ‘முழு உடல் ஸ்கேன்’ போதும் என்றும் இருவர் ஒருங்குநோக்கி என்றும் எழுதியிருப்பதால், தலைப்பில் ‘முழு உடல் பெட் ஸ்கேன்’ என்றே இட்டு, அதன் கீழ், ‘இக்கருவி தலை முதல் கால் வரை ஒரே நேரத்தில் படம் எடுக்கும்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிறேன். புணர்ச்சியைப் புலவர் ஐயா மன்னிக்க வேண்டும்.

* * *

மன்னிக்கலாம், உடம்பட இயலாது. மேலும், 106 செ.மீ. பார்வை நீளமுள்ள கருவிகளும் இருக்கின்றனவே. அவற்றுள் ஒன்று நாளை வந்தால், அதற்கு எந்த ‘முழு’வை எழுதுவீர்கள்?