13 அடி ப்ளைவுட் படகு: அடிப்பாகம் தட்டையா, வி வடிவமா? எஞ்சின் 9.9 ஹெச்பியா, 15 ஹெச்பியா?

அலையாத்தி:
எல்லாருக்கும் வணக்கம். அதிராம்பட்டினம் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஒரு சின்ன ப்ளைவுட் படகு கட்ட இறங்கியிருக்கிறேன், தூண்டில் போடத்தான், தொழிலுக்கு இல்லை. நீளம் 13 அடி, எஞ்சின் மாட்டும் பின்பலகை அகலம் 4 அடி. நானும் இரண்டு நண்பர்களும், ஒரு ஐஸ் பெட்டி, நங்கூரம், 20 லிட்டர் பெட்ரோல். மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் போக மாட்டோம்.

இந்தக் கரை எப்படியென்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வற்றம் வந்து கடல் உள்வாங்கினால் சேறும் முழங்கால் தண்ணீரும்தான். அதனால் தட்டை அடி போதும் என்று வரைந்தேன். ஆனால் பாக் விரிகுடாவில் மதியத்துக்கு மேல் காற்று எடுத்தால் கிளம்புகிற குட்டை அலை தட்டை அடியைப் போட்டு அடித்து முதுகெலும்பைக் கழற்றிவிடும், வி போடு என்கிறார் ஒருத்தர். வி போட்டால் பெரிய எஞ்சின் வேண்டும் என்கிறார் இன்னொருத்தர்.

எஞ்சினுக்கும் இரண்டு வழி இருக்கிறது. பழைய டூ ஸ்ட்ரோக் 15 ஹெச்பி ஒன்று, அதே கம்பெனியின் 9.9 ஹெச்பி ஒன்று. இரண்டும் 36 கிலோ என்கிறார் விற்பவர், அதெப்படி என்று புரியவில்லை. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆசாரியோ அடி, பக்கம் எல்லாமே 12 எம்எம் ப்ளைவுட் போடச் சொல்கிறார், கடலுக்குப் போவது கெட்டியாக இருக்க வேண்டாமா என்று. மணிக்கு 25 கிலோமீட்டராவது ஓட வேண்டும் என்பது என் ஆசை. எதை மாற்றுவது, எதை விடுவது?

டில்லர்பிடி:
15-ஐ வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். பல கம்பெனிகளில் 9.9-உம் 15-உம் ஒரே பிளாக், ஒரே சிலிண்டர், கார்புரேட்டரில் அல்லது இன்டேக்கில் அடைத்து வைத்திருப்பதுதான் 9.9, அதனால்தான் எடையும் ஒன்று. வெளிநாடுகளில் பல ஏரிகளில் 10 ஹெச்பிக்கு மேல் கூடாது என்ற விதி இருப்பதால் வந்த எண் அது. ஒரே எடைக்குக் கூடுதல் சக்தி கிடைக்கும்போது முக்கால் திராட்டிலில் நிம்மதியாக ஓட்டலாமே.

பலகைமட்டம்:
எஞ்சினுக்கு அப்புறம் வருவோம், முதலில் அந்த 12 எம்எம் பேச்சைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் 25 கிலோமீட்டர் அங்கேதான் தொலைகிறது.

எட்டுக்கு நாலு 12 எம்எம் மரைன் ப்ளை ஒரு ஷீட் சுமார் 25 கிலோ. ஆறு ஷீட் போனால் பலகையே 150, சட்டம், பின்பலகை, இருக்கை, ரெசின் எல்லாம் சேர்ந்து வெறும் படகு 200 கிலோவைத் தொட்டுவிடும். அடிக்கு மட்டும் 9 எம்எம், பக்கத்துக்கு 6 எம்எம் போட்டு, அடியில் நீளவாக்கில் சட்டங்கள் ஓட்டி, உள்மூலைகளை எபாக்சி பசையால் உருட்டி நிரப்பி, மேலே கண்ணாடி நார் நாடாவும் ஒட்டினால் 125 பக்கம் நிற்கும். வித்தியாசம் 75 கிலோ. ஒரு ஆளைச் சும்மா உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி, அதுவும் அவர் டிக்கெட்டே எடுக்காமல்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மூன்று பேர் 210, எஞ்சின் 36, பெட்ரோல் 15, சாமான் 25. ஆசாரி சொல்கிற படகு மொத்தம் 486 கிலோ, நான் சொல்வது 411. படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போவது ஒன்று, தண்ணீர் மேல் ஏறி ஓடுவது இன்னொன்று, இந்த இரண்டாவதைத்தான் ப்ளேனிங் என்கிறோம். தண்ணீர்க்கோட்டில் 12 அடி நீளமுள்ள படகு பிளந்துகொண்டு போகும்போது அதன் வரம்பு 4.6 நாட் சுமார்தான், அதாவது மணிக்கு எட்டரை கிலோமீட்டர். 1.34 பெருக்கல் அடிக்கணக்கில் நீளத்தின் வர்க்கமூலம், வருவது நாட் கணக்கில் வேகம், அவ்வளவுதான். அந்த வேகத்துக்கு 3 ஹெச்பியே போதும், 15 தேவையே இல்லை. உங்களுக்கு 25 வேண்டும் என்றால் மேலே ஏறியே ஆக வேண்டும். சின்னப் படகில் ஒரு ஹெச்பிக்கு 30, 35 கிலோ வரை இருந்தால் ஏறும், 40-ஐத் தாண்டினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஒரு பெரிய அலையை இழுத்துக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கும், ஏறாது.

411-ஐ 9.9-ஆல் வகுத்தால் 41. மூன்று பேரோடு ஏறாது, நண்பர் ஒருவரை இறக்கிவிட்டால் 34, ஏறிவிடும். 15 என்றால் மூன்று பேரோடு 27, தாராளம். ஆசாரி படகில் 15 போட்டாலும் 32.

ஆனால் டில்லர்பிடி அண்ணா சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று, உங்கள் படகு அதைத் தாங்குமா என்பது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 20 அடிக்கு உட்பட்ட படகுகளுக்கு வைத்திருக்கும் கணக்கு நமக்குச் சட்டம் இல்லை, ஆனாலும் நல்ல அளவுகோல். நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடியில் பெருக்க வேண்டும். 13 பெருக்கல் 4, 52. 46 முதல் 52 வரை உச்ச வரம்பு 15 ஹெச்பி. ஆனால் அடி தட்டையாகவும் பக்கத்தோடு சேரும் முனை கூர்மையாகவும் இருந்தால் ஒரு படி இறக்கி 10. தட்டை அடி வேகத்தில் திரும்பும்போது பிடிப்பில்லாமல் பக்கவாட்டில் வழுக்கும், திடீரென்று முனை மாட்டினால் ஆளைத் தூக்கி எறியும், அதனால்தான் அந்த ஒரு படி. ஆக நீங்கள் வரைந்த தட்டைப் படகுக்கு 15 கூடாது, 9.9-ஓ மூன்று பேருக்கு ஏறாது. இங்கேதான் முடிச்சு.

வடமராட்சியான்:
யாழ்ப்பாணத்தில் எங்கட பக்கமும் இதே கடல்தான், உங்களுக்கு அந்தக் கரை, எங்களுக்கு இந்தக் கரை. முடிச்சை அவிழ்க்கிறது லேசு, அடியை மாத்துங்கோ.

வி என்றால் எல்லாரும் அந்த ஆழமான வி-யை நினைக்கிறார்கள். 1960-இல் மயாமியிலிருந்து நசாவுக்கு நடந்த பந்தயத்தில் ரே ஹன்ட் வரைந்த படகு பெரிய கடலில் எல்லாரையும் விட்டுவிட்டு வந்ததற்குப் பிறகு, முன்னுக்கிருந்து பின்னுக்கு மட்டும் இருபத்துச் சொச்சம் டிகிரி சரிவு என்பது ஒரு மோகமாகிப் போச்சு. அது முப்பது அடிப் படகு, இரட்டை எஞ்சின். 15 ஹெச்பியில் அப்படி ஒரு அடியைக் கட்டினால் கடைசிவரை மேலெழும்பாது, நிற்கும்போதும் ரெண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும், தூண்டில் போடுகிறவனுக்குச் சரியான கரைச்சல்.

உங்களுக்கு வேண்டியது, அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், நல்ல கூரான வி, அது பின்னுக்கு வர வர ஆறுதலாகத் தணிந்து, பின்பலகையில் 8, 10 டிகிரியில் நிற்க வேண்டும். குட்டை அலையை வெட்டுகிறது முன் பக்கம்தான், தூக்கிக்கொண்டு ஓடுகிறது பின் பக்கம். கடைசி ஐந்து அடிக்கு அந்தச் சரிவை மாத்தாமல் நேராக ஓட விடுங்கோ. வி போட்டால் சேத்தில் தட்டும் என்ற பயம் வேண்டாம், 4 அடி அகலத்துக்கு 10 டிகிரி என்றால் நடுவில் நாலு அங்குலம் சொச்சம்தான் கூட இறங்கும். எஞ்சின் கால் அதுக்குக் கீழே ஏறக்குறைய இன்னும் ஒரு அடி நிற்குது. முழங்கால் தண்ணியில் முதலில் தட்டப் போவது அதுதான், படகில்லை. சவளை, அதுதான் துடுப்பை, போட்டுத் தள்ளிக்கொண்டு ஆழத்துக்கு வந்த பிறகுதான் எஞ்சினை இறக்க வேண்டும், எந்த அடியாக இருந்தாலும்.

இன்னொரு விஷயம். நடு ஏராவை, அடியின் நடுவே நீளமாக ஓடுகிற மரத்தை, பின்பலகை வரைக்கும் கொண்டு போகாதேயுங்கோ, ஒன்றரை இரண்டு அடி முன்னுக்கே சீவி முடித்துவிடுங்கோ. மரம் கலக்கிவிடுகிற தண்ணியும் காற்றும் நேரே புரொப்பெல்லருக்குள்ளே போனால் எஞ்சின் சத்தம் மட்டும் கூடும், படகு நகராது.

பலகைமட்டம்:
சரியாகச் சொன்னார். சரிவு வந்துவிட்டால் அது தட்டை அடிக் கணக்கில் வராது, 15 வரம்புக்குள் வந்துவிடும்.

அந்தக் கடைசி ஐந்து அடியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். படகைக் கவிழ்த்துப் போட்டு, கொத்தனார் பூச்சு இழுக்கும் அலுமினியப் பட்டையை நீளவாக்கில் வைத்து, பின்னால் இருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். பட்டையின் இரண்டு முனையிலும் வெளிச்சம் கசிந்து நடுவில் இடித்தால் அடி வளைந்திருக்கிறது, அது வேகத்தில் மூக்கு ஏறி இறங்கி ஏறி இறங்கித் துள்ளும், எதைச் செய்தாலும் அடங்காது. முனைகள் இடித்து நடுவில் வெளிச்சம் தெரிந்தால் உள்வாங்கியிருக்கிறது, மூக்கைக் கீழே அமுக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் புட்டி வைத்துத் தேய்த்துச் சரி செய்த பிறகே கண்ணாடி நார் போடுங்கள். அப்புறம், அடியும் பக்கமும் சேரும் முனையைப் பின்பாதியில் உருட்டிவிடாதீர்கள், கூராக இருந்தால்தான் தண்ணீர் அங்கேயே விட்டுப் பிரியும், உருண்டிருந்தால் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஏறும்.

ப்ளை வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை பாருங்கள், மரைன் ப்ளைக்கான இந்தியத் தரம் அது. அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிக்க வேண்டும், சாதாரண உபயோகத்துக்கான 303-இல் கொதிநீர் தாங்கும் ரகத்துக்கே 8 மணி நேரம்தான். முத்திரையை நம்பி விட்டுவிடாமல் ஒரு துண்டை வெட்டி ஒரு பகல் முழுக்க அடுப்பில் கொதிக்க விடுங்கள், வீட்டில் திட்டுவார்கள், பரவாயில்லை. வெட்டிய ஓரத்தில் உள் அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் அந்த ஷீட் அலமாரிக்குத்தான்.

அலையாத்தி:
அருமை. ஆசாரியிடம் கணக்கைக் காட்டினேன், 9-உம் 6-உம் என்று இறங்கி வந்துவிட்டார், ஆனால் படகு உடைந்தால் என் பெயரைச் சொல்லாதே என்கிறார். அடியையும் மாற்றி வரைந்துவிட்டேன். எஞ்சின் 15-தான். ஒரு சந்தேகம், எஞ்சினைத் திருப்பும் கைப்பிடியான டில்லரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால், எஞ்சின் பின்னால், டேங்க்கும் அங்கேதான் வைக்க வசதி. இது சரிவருமா?

டில்லர்பிடி:
வராது. எல்லாம் பின்னால் குவிந்தால் கிளம்பும்போதே மூக்கு வானத்தைப் பார்க்கும். டேங்க்கை நடு இருக்கைக்கு முன்னால் கொண்டு போங்கள், மூன்று மீட்டர் ஹோஸ் வாங்கினால் முடிந்தது. டில்லருக்கு ஒரு நீட்டுக்கை போடுங்கள், கனமான பிவிசி குழாயைக் கைப்பிடி மேல் மாட்டி கிளிப் போட்டு இறுக்கினால் இரண்டு அடி முன்னால் வந்து உட்காரலாம். எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றை மணிக்கட்டிலோ காலிலோ மாட்டாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது, ஆள் விழுந்த பிறகு படகு வட்டமடித்துத் திரும்பி அவர் மேலேயே வரும்.

புரொப்பெல்லரை வாங்கியதுமே மாற்ற வேண்டாம். பிளக் வயரில் சுற்றும் சின்ன ஆர்பிஎம் மீட்டர் ஒன்றை மாட்டி, மூன்று பேரோடு முழு திராட்டிலில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் புத்தகம் சொல்லும் அளவுக்கு, பெரும்பாலும் 5000-க்கு மேல், ஏறவில்லை என்றால் புரொப்பெல்லரின் பிட்சை, அதாவது அது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரத்தை, ஒரு அங்குலம் குறைத்தால் 200 ஆர்பிஎம் பக்கம் கூடும்.

உப்புக்காற்று:
நான் மல்லிப்பட்டினம். எஞ்சினை விட இங்கே தொந்தரவு கடல்புல். உங்கள் பகுதி முழுக்கப் புல்வெளிதான், ஆவுளியா என்கிற கடல்பசுவுக்காக 2022-இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரம் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்ததும் அதனால்தான். புல் புரொப்பெல்லரில் சுற்றும், அதைவிட மோசம் தண்ணீர் உறிஞ்சும் துளையை மூடிக்கொள்ளும். பின்னால் பீச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்தித் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் எஞ்சின் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். புல் மேல் மெதுவாகவே போங்கள், ஆவுளியா மூச்சு விட மேலே வரும், உங்கள் வேகத்துக்கு அதனால் ஒதுங்க முடியாது. இறக்குவதற்கு முன் மீன்வளத் துறையிலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் போய்ப் பதிவு பற்றிக் கேட்டுவிடுங்கள்.

மிதவைக்கு இருக்கைக்கு அடியில் தெர்மாகோல் அடைக்காதீர்கள், பெட்ரோல் பட்டால் கரைந்து போகும். மூடி இறுக்கிய காலி இரண்டு லிட்டர் பாட்டில்களை வலையில் கட்டி அடைப்பதே மேல். பாதிக்கு மேல் பின்பக்க இரண்டு மூலையிலும் இருக்கட்டும், தண்ணீர் ஏறினால் எஞ்சின் முதலில் இழுப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

அலையாத்தி:
பாட்டில் யோசனை பிடித்திருக்கிறது. பின்பலகையை 15 அங்குல உயரத்தில் வெட்டிவிடலாம்தானே? எஞ்சின் ஷார்ட் ஷாஃப்ட், கால் குட்டையான வகை.

வடமராட்சியான்:
பொறுங்கோ, எஞ்சின் கைக்கு வராமல் வெட்ட வேண்டாம். ஷார்ட் ஷாஃப்ட் 15 என்று சொல்கிறதே ஒழிய, கிளாம்ப் உட்காரும் இடத்திலிருந்து புரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தகடு வரைக்கும் அளந்தால் 16, 17 வருகிற எஞ்சின்களும் இருக்கு. அந்தத் தகடு உங்கட அடியின் நடுக்கோட்டுக்கு நேராகவோ, அதுக்குக் கீழே ஒரு அங்குலத்துக்குள்ளேயோ நிற்க வேண்டும். பலகையை ஒரு அங்குலம் உயரமாகவே விட்டு வையுங்கோ, ஓட்டிப் பார்த்துச் சீவலாம், ஒட்ட ஏலாது. ரெண்டு 19 எம்எம்மை எபாக்சியில் சேர்த்து ஒட்டி, 12 டிகிரி பின்னுக்குச் சரித்து, கிளாம்ப் கடிக்கிற இடத்தில் ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடு அடியுங்கோ.