ரொறன்ரோ புளூ ஜேஸ் பேஸ்போல் ரீமைப் பாக்கிற ஆக்கள், வேர்ல்ட் சீரீஸ் ஏழாவது கேமுக்குப் பிறகு என்ன மாதிரி இருக்கிறியள்?

எக்ளின்ரன்_பஸ் எழுதினது:

வணக்கம் எல்லாருக்கும். இதை எழுதுவமோ விடுவமோ எண்டு ரண்டு கிழமையா யோசிச்சுக்கொண்டு இருந்தனான், ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு அந்தரப்படுறானே எண்டு சிரிப்பியள், பரவாயில்லை.

நான் ஸ்காபரோவுக்கு வந்தது 2012. எனக்கு அப்ப கிரிக்கெற் மட்டும்தான். பேஸ்போல் எண்டால் அடிச்சிட்டு பற்றை எறிஞ்சுபோட்டு ஓடுற கூத்து எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தன். 2015 ஒக்ரோபர் 14, வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு முதல் ஒரு கோப்பிக்கடைக்குள்ள போனன், ரீவியிலை ரெக்ஸஸோட அஞ்சாவது கேம். எங்கட பௌற்றிஸ்ரா அந்த மூண்டு ரன் ஹோம் ரன்னை (கிரிக்கெற் சிக்ஸர் மாதிரி வெளியிலை போற அடி) அடிச்சுப்போட்டு பந்தைப் பாத்துக்கொண்டே நிண்டு பற்றைத் தூக்கி எறிஞ்சான் பாருங்கோ, ஆரெண்டே தெரியாத ஒரு ஜமேக்கன் ஐயா என்னைக் கட்டிப்பிடிச்சுப்போட்டார். பஸ்ஸும் போட்டுது. அண்டையிலை இருந்து பிடிச்ச வருத்தம்.

இப்ப என்ர பெடியனுக்கு பதினொரு வயசு. அவனுக்கு கிரிக்கெற் விளங்காது, இதுதான் எல்லாம். இந்த வரிசம் அவனோட இருந்து ஒரு கேம் விடாமப் பாத்தம். 2024இலை 74 வெற்றி, 88 தோல்வி, டிவிஷனிலை கடைசி. அதே ரீம் அடுத்த வரிசம் 94 வெற்றியோட முதலாவதா வந்து, யாங்கீஸை அடிச்சு, சியாட்டிலை அடிச்சு, வேர்ல்ட் சீரீசுக்கு, அதுதான் பேஸ்போல் பைனலுக்கு, போனால் ஆருக்குத்தான் விசர் பிடிக்காது. அதிலை லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸோட மூண்டாவது கேம் பதினெட்டு இன்னிங்ஸ், விடிய மூண்டு மணி ஆகுது, பெடியன் சோபாவிலை தொப்பியோட நித்திரை, நான் மட்டும் முழிச்சிருந்து அவையின்ர ஃப்ரீமன் அடிச்சு முடிச்சதைப் பாத்தனான்.

பிறகு நவம்பர் 1, ஏழாவது கேம். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 எண்டு முன்னுக்கு நிக்கிறம், இன்னும் ரண்டே ரண்டு அவுட். டொட்ஜர்ஸின்ர றோஹாஸ். ஆர் நினைச்சது றோஹாஸ் அடிப்பான் எண்டு? ஹோம் ரன் அடிச்சு 4-4 ஆக்கினான், மிச்சம் உங்களுக்குத் தெரியும், பதினொராவது இன்னிங்ஸிலை தோத்தம். பன்னிரண்டு மணி தாண்டி முடிஞ்சுது, அண்டைக்கெண்டு பாத்து நேரத்தையும் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாத்தின இரவு, கவலைப்பட ஒரு மணித்தியாலம் கூடத் தந்தவங்கள்.

பெடியன் போர்வைக்குள்ள இருந்து அழுதவன். அடுத்த நாள் தொப்பியைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ள வச்சிட்டு "அப்பா நான் இனிப் பாக்கேல்லை" எண்டான். மனிசி சொல்லுறா "நீங்கள் கெட்டது காணாதெண்டு அவனையும் கெடுத்துப் போட்டியள்" எண்டு. எனக்கும் ரீவிப் பக்கம் போக மனமில்லை. கனகாலமா இந்த ரீமைப் பாக்கிற ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ, உங்களாலை எப்பிடி ஏலுது? அவனை பேசாம விடுறதோ, இழுத்துக்கொண்டு வாறதோ?

---

மல்வேன்_கிழவன் எழுதினது:

தம்பி, முதல்லை பெடியனை அழ விடுங்கோ. அழுதால்தான் அது அவன்ர ரீம்.

நான் வந்தது 90ஆம் ஆண்டு. இவங்கட மைதானம் ஸ்கைடோம் திறந்து அடுத்த வரிசம், இப்பவும் எனக்கு அது ஸ்கைடோம்தான், வேற பேர் வாயிலை வராது. டவுன்ரவுனிலை ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியிலை கோப்பை கழுவினனான், சமையல்காரன் ஒரு போர்த்துக்கீசன், றேடியோவைக் கூட்டிவிட்டிட்டு ஒவ்வொரு பந்துக்கும் எனக்கு விளக்கம் சொல்லுவான், பாதி போர்த்துக்கீசு பாதி இங்கிலீசு, எனக்கு ரண்டும் வராது, எண்டாலும் விளங்கிச்சுது. அவன் சொல்லித்தான் பழைய கதையள் தெரியும். 85இலை கான்ஸஸ் சிற்றியை 3-1 எண்டு முன்னுக்கு நிண்டு கடைசி மூண்டையும் விட்டது. 87இலை இன்னும் ஏழு கேம், மூண்டரை கேம் முன்னுக்கு நிக்கினம், ஏழையும் வரிசையா தோத்து டிட்ரொயிற்றிட்டைக் குடுத்தது. அந்த நேரம் இந்த ஊர்ச் சனம் தங்கட ரீமுக்கு வச்ச பேர் "புளோ ஜேஸ்". கோட்டை விடுற ரீம் எண்டு அர்த்தம்.

பிறகு 92, வேர்ல்ட் சீரீஸ். அற்லான்ராவிலை ஆறாவது கேம், பதினொராவது இன்னிங்ஸிலை எங்கட வின்ஃபீல்ட் அடிச்ச டபிள் (ரண்டாவது பேஸ் வரைக்கும் ஓடுற அடி), வெண்டிட்டம். யங் ஸ்ரீற்றிலை அண்டைக்கு நடக்க இடமில்லை. 93இலை ஜோ கார்ட்டர், 6-5 எண்டு பின்னுக்கு நிக்கேக்கை மூண்டு ரன் ஹோம் ரன், 8-6, கதை முடிஞ்சுது. நான் ஒரு கோப்பையை உடைச்சனான், முதலாளி காசு வெட்டேல்லை.

அப்ப நான் என்ன நினைச்சன் தெரியுமோ? இது ஒவ்வொரு வரிசமும் வரும் எண்டு. வந்த நாட்டிலை ரண்டு வரிசம் அடுத்தடுத்து வெல்லுறாங்கள், அப்ப இதுதானே வழமை எண்டு. 94இலை விளையாட்டுக்காரர் ஸ்ரைக், வேர்ல்ட் சீரீஸே நடக்கேல்லை. அதுக்குப் பிறகு 2015 வரைக்கும் பிளேஓஃப், அதுதான் சீசன் முடிய சம்பியனுக்காக நடக்கிற சுத்து, அதின்ர வாசலையே மிதிக்கேல்லை. என்ர மூத்தவள் பிறந்து, படிச்சு முடிச்சு, வேலைக்கும் போட்டாள், இவங்கள் இன்னும் மூண்டாமிடம் நாலாமிடம்.

அந்த இருட்டுக் காலத்திலை எங்களுக்கு ஹாலடே இருந்தவன். றோய் ஹாலடே. எப்பிடிப் பட்ட பிச்சர் (பந்து எறியிறவன்)! பன்னிரண்டு சீசன் எங்களுக்கு எறிஞ்சவன், ஒரு பிளேஓஃப் கேம் கூட எறியக் கிடைக்கேல்லை. 2009 முடிய பிலடெல்பியாவுக்குப் போனான், போய் முதலாவது பிளேஓஃப் கேமிலையே நோ-ஹிற்றர், ஒருத்தரையும் ஒரு ஹிற் அடிக்க விடேல்லை. நான் வீட்டிலை இருந்து கைதட்டினனான், மனிசி கேட்டா "அது இப்ப எங்கட ரீமோ?" எண்டு. இல்லை, ஆனால் அவன் எங்கட பெடியன். 2017இலை விமானம் விழுந்து போட்டான். இப்பவும் அதை நினைச்சால் ஒரு மாதிரி.

நீங்கள் கேட்டது எப்பிடி ஏலுது எண்டு. எனக்குத் தெரியாது தம்பி. ஏப்ரல் வந்தால் றேடியோவைப் போடுவன், அவ்வளவுதான்.

---

சியாட்டில்_மழை எழுதினது:

அண்ணா மன்னிக்கணும், நான் உங்க எதிரி முகாம் :) திருநெல்வேலி, இப்ப சியாட்டில்ல 19 வருஷம். மேரினர்ஸ் ஃபேன். இந்தத் திரெட்ட படிச்சிட்டு சும்மா போக முடியல.

நீங்க வேர்ல்ட் சீரிஸ்ல தோத்துட்டோம்னு அழறீங்க. எங்க டீம் வேர்ல்ட் சீரிஸ்ல கால வச்சதே கிடையாது. முப்பது டீம்ல அப்படி ஒரே ஒரு டீம் நாங்கதான். 2001ல 116 ஜெயிச்சாங்க, அப்ப நான் இங்க இல்ல, ஆனா ஆஃபீஸ்ல யாராவது ஒருத்தர் மாசத்துக்கு ஒரு தடவ அத சொல்லாம இருக்கமாட்டாங்க, எங்க தாத்தா பழைய நிலத்தப் பத்தி பேசுவாரே அந்த மாதிரி. அந்த 116 ஜெயிச்ச டீமும் யாங்கீஸ்கிட்ட அஞ்சே கேம்ல காலி. அப்புறம் 2022 வரைக்கும் பிளேஆஃப் கிடையாது. எங்க பிச்சர் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 2012ல பெர்ஃபெக்ட் கேம் போட்டாரு, 27 பேரு வந்தாங்க 27 பேரும் அவுட், அந்த மனுசனுக்கு கடைசி வரைக்கும் ஒரு பிளேஆஃப் கேம் கிடைக்கல. மேல அந்த ஐயா ஹாலடேய பத்தி சொன்னப்ப எனக்கு அவருதான் ஞாபகம் வந்தாரு.

இந்த வருஷம் எங்க கேல் ராலி 60 ஹோம் ரன், கேட்சரா (கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி) இருந்துகிட்டு! உங்க ஊர்ல வந்து முதல் ரெண்டு கேமும் ஜெயிச்சோம். ஏழாவது கேம், ஏழாவது இன்னிங்ஸ், 3-1னு நாங்க முன்னாடி. நான் எங்க அம்மாவுக்கு வீடியோ கால்ல "ம்மா, இன்னும் எட்டு அவுட்"னு சொல்லிட்டு போன வச்சேன். வச்ச கையோட உங்க ஸ்பிரிங்கர் ஹோம் ரன் அடிச்சாரு. 4-3னு நீங்க ஜெயிச்சீங்க. அம்மா மறுபடி கூப்பிட்டாங்க, நான் எடுக்கல.

ஆனா ஒண்ணு, 2022ல உங்க ஊர்லயே நீங்க 8-1னு இருந்தப்ப நாங்க 10-9னு ஜெயிச்சோமே, அன்னிக்கு அதே ஸ்பிரிங்கர் பந்த பிடிக்க ஓடி வந்து உங்க டீம் பிஷெட் மேலயே மோதி, அவர வண்டியில ஏத்திட்டு போனாங்க. அன்னிக்கு நான் குதிச்சுகிட்டு இருந்தேன். அதனால இப்ப எனக்கு புகார் சொல்ல உரிமை இல்லன்னு எங்க வீட்டுக்காரி சொல்றா. நியாயம்தான், ஆனா வலிக்குது.

உங்க பையன்கிட்ட சொல்லுங்க, சியாட்டில்ல ஒரு மாமா தொப்பிய இன்னும் அலமாரிக்குள்ள வைக்கலன்னு.

---

மேல்தட்டு_500 எழுதினது:

எல்லாரும் உணர்ச்சிவசப்படுறியள், ஒருத்தரும் உண்மையான பிரச்சினையைக் கதைக்கேல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸ் கீழ்ப்பாதி, எங்கட பற்றிங், 4-4, மூண்டு பேஸிலும் ஆள், ஒரு அவுட். எங்கட கைனர்-ஃபலேஃபா மூண்டாவது பேஸிலை பசை போட்டு ஒட்டின மாதிரி நிக்கிறான். வார்ஷோ அடிச்ச பந்தை றோஹாஸ் எடுத்து ஹோமுக்கு (ஓடுறவன் வந்து சேர்ந்தால் ரன் கிடைக்கிற இடம்) எறியிறான், ஒரு பாத அளவு வித்தியாசத்திலை அவுட். ஒரு எட்டுத் தள்ளி நிண்டிருந்தால் நாங்கள்தான் சம்பியன். அடுத்து கிளெமென்ற் அடிச்சதையும் டொட்ஜர்ஸின்ர பஹேஸ் தன்ர ஆளையே இடிச்சு விழுத்திப்போட்டுப் பிடிச்சான். சரித்திரம்.

ஏழு கேமையும் கூட்டிப் பாருங்கோ, நாங்கள் எடுத்த ரன் 34, டொட்ஜர்ஸ் 26. கூட அடிச்ச ரீம் தோத்த ரீம். உலகத்திலை ஆருக்குச் சொல்லி அழுறது.

---

மல்வேன்_கிழவன் எழுதினது:

500, கைனர்-ஃபலேஃபாவின்ர பிழை இல்லை. லைன் ட்ரைவ் (தரையிலை படாம நேரை பறக்கிற அடி) வந்தால் டபிள் பிளே, ஒரே பந்திலை ரண்டு அவுட், ஆகிப்போடும், கிட்ட நில் எண்டு கோச்மார்தான் சொன்னவை, அவனே பேந்து சொன்னான். அந்தப் பெடியனைப் போட்டு எல்லாரும் கிழிக்கிறது எனக்கு விருப்பமில்லை. எறிஞ்சவன்ர பக்கத்தையும் பாருங்கோ, டொட்ஜர்ஸின்ர யமமோட்டோ முதல் நாள் ஆறாவது கேமிலை 96 பந்து எறிஞ்சிட்டு அடுத்த நாளும் வந்து கடைசி எட்டு அவுட்டையும் எடுத்தவன். அப்பிடி ஒருத்தனிட்டைத் தோத்தால் தொப்பியைக் கழட்டிப்போட்டு வீட்டை போறதுதான்.

---

மேல்தட்டு_500 எழுதினது:

கோச் சொன்னால் கோச்சின்ர பிழை. ஆரின்ர எண்டாலும் பிழைதான். நான் விடமாட்டன்.

---

ஆச்சியின்ர_பேத்தி எழுதினது:

அண்ணா, எங்கட வீட்டுக் கதையைச் சொல்லுறன். எங்கட ஆச்சிக்கு 81 வயசு, முழங்கால் ஏலாது, குளிருக்குள்ள வெளியிலை போகமாட்டா, பின்னேரங்களிலை சீரியலும் அலுத்துப்போச்சு. மூண்டு வரிசத்துக்கு முதல் சும்மா பேஸ்போலைப் போட்டுவிட்டன். இப்ப ஆச்சிக்கு சீசனின்ர 162 கேமும் வேணும். விளையாடுற ஆக்களுக்குப் பட்டப்பேரெல்லாம் அவவே வச்சது, கேர்க் "குண்டுக்குட்டி", விளாடி "சடைக்காரன்". விளாடிக்கு 14 வரிசத்துக்கு 500 மில்லியன் டொலர் எண்டு சொன்னன், ஆச்சி கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "அப்ப நான் இருக்கிற வரைக்கும் அவன் இருப்பான்" எண்டா.

ஏழாவது கேமிலை பதினொராவது இன்னிங்ஸ், விளாடி டபிள் அடிச்சு, பிறகு மூண்டாவது பேஸுக்கு வந்து நிக்கிறான், குண்டுக்குட்டி வாறான், ஆச்சி சாமியறை விளக்கைக் கொழுத்திப்போட்டு வந்து இருந்தா. பற் உடைஞ்சு, பந்து உருண்டு, டபிள் பிளே. எல்லாம் முடிஞ்சுது. நாங்கள் ஒருத்தரும் மூச்சு விடேல்லை. ஆச்சி எழும்பி ரீவியை நிப்பாட்டிப்போட்டு சொன்னா, "பாவம் குண்டுக்குட்டி, இண்டைக்கு அவனுக்குச் சோறு இறங்காது". அவவுக்குத் தோல்வியை விட அவன் சாப்பிடுவானோ எண்டதுதான் கவலை.

பெடியனை ரீவிக்கு முன்னாலை இழுக்காதேங்கோ. செவ்வாய்க்கிழமையிலை லூனி டொக் நாள் வரும்தானே, ஒரு டொலருக்கு ஹொற்டோக், அண்டைக்கு மேல்தட்டிலை மலிவா ரண்டு ரிக்கெற் எடுத்து யூனியன் ஸ்ரேஷனிலை இறங்கிக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆரோட விளையாடினாலும் பரவாயில்லை, தோத்தாலும் பரவாயில்லை. கூரை திறந்திருக்கிற நாளாப் பாருங்கோ.

---

எக்ளின்ரன்_பஸ் எழுதினது:

எல்லாருக்கும் நன்றி. சியாட்டில் தம்பி எழுதினதை பெடியனுக்கு வாசிச்சுக் காட்டினன். "அவையள் ஒருக்காலும் போகேல்லையா? ஒருக்காலும்?" எண்டு மூண்டு தரம் கேட்டான், முகத்திலை ஒரு சந்தோஷம் தெரிஞ்சுது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி. பிறகு ஹாலடே ஆர் எண்டு கேட்டு யூரியூப்பிலை பழைய வீடியோ பாத்துக்கொண்டு இருக்கிறான், நித்திரைக்குப் போகச் சொன்னால் "இன்னும் ஒரு இன்னிங்ஸ்" எண்டுறான். தொப்பி இன்னும் அலுமாரிக்குள்ளதான்.

500, அந்த லீட் (பேஸிலையிருந்து தள்ளி நிக்கிற) விசயத்திலை நான் உங்கட பக்கம். கிழவன் ஐயா கோவிக்கக் கூடாது.

---

மல்வேன்_கிழவன் எழுதினது:

கோவம் வந்திட்டுது. புளோரிடாவிலை டனீடனிலை பெப்ரவரியிலை ரீமுக்குப் பயிற்சி தொடங்கும், அதுவரைக்கும் கதைக்கமாட்டன்.